ஊராரைக் கேளாமல் ஊர் அமைப்பதா?

கோலாலம்பூரிலிருந்து பூச்சோங் சாலைவழி இன்று தெற்கே செல்பவரிடம், ஒரு காலத்தில் இவ்வழியின் இருமருங்கும் பால்மரமும் ஈயக் குட்டையுமே இருந்தன என்று சொன்னால் எளிதில் நம்பார். கின்ராரா என்பது முன்னர் ஒரு தோட்டத்தின் பெயர். இன்று ஒரு நகர்ப்பகுதியின் பெயர், ஓர் எல்.ஆர்.டி. நிலையத்தின் பெயர். காசல்பீல்டு தோட்டத்தின் பெயரை ஒரு தமிழ்ப் பள்ளி இன்னும் சுமந்து நிற்கிறது. 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தது. அக்காலம் தொட்டு ஈயம் எடுத்த நிலமும் பால் வெட்டிய நிலமும் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டு மனைகளாயின. 2015, 2016ஆம் ஆண்டுகளில் இரயிலும் வந்து சேர்ந்தது. வளர்ச்சி வந்ததை நாம் குறை கூறவில்லை. தோட்டத்தின் பெயர் நிலைத்திருக்க, அப்பெயருக்கு உரிய மக்கள் மட்டும் சிதறிப்போனது எவ்வாறு என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி என் மனத்தில் எழுந்த விதத்தை முதலிற் கூறிவிடுகிறேன். நான் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்ட நிலத்தின் ஒரு பகுதியை என்ன செய்யலாம் என்று ஆராய மூவர் வந்தனர். ஆபீசில் அமர்ந்து, "இங்கே எத்தனை பேர்?" என்று கேட்டனர். நான் செக்ரோலைப் பார்த்து எண்ணைச் சொன்னேன். தேநீர் அருந்தினர், புறப்பட்டனர். பின்னர் வந்த வரைபடம் பார்க்க அழகாகவே இருந்தது. அதை லயத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வேலையிலிருந்து நின்று பல்லாண்டாகிவிட்ட மூதாட்டி ஒருவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இதிலே நம்ம சுடுகாடு எங்கே?" என்றார்.

சுடுகாடு இருந்த இடத்தில் பச்சை வர்ணம் பூசியிருந்தது.

"அடுக்கு வீடு கட்டுறதாப் போட்டிருக்கிற இடத்திலே, கார்த்திகை மார்கழி வந்தா முழங்கால் தண்ணி நிக்குமே. அதையாச்சும் சொன்னியா?" என்றார்.

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் அல்லவா சொல்வேன்! செக்ரோலில் தண்ணீர் நிற்கும் இடம் எழுதப்படுவதில்லை. அம்மூதாட்டியின் பெயரும் அதில் இல்லை. ஏனெனில் அவருக்குச் சம்பளம் இல்லை. வந்த மூவரும் கற்றவர். நானும் இங்கிலீஷ் படித்தவன். நால்வரும் கூடி ஓர் ஊரைப் பற்றித் தவறாக எழுதிவைத்தோம்.

ஓர் ஊரை ஆராய்ந்து அமைப்பதென்பது எத்தகைய காரியம்? சாலை போடுவது மட்டுமாயின் எஞ்சினியர் ஒருவர் போதும். ஆனால் ஊரில் நீர் ஓடுகிறது, நோய் பரவுகிறது, கூலி வருகிறது, கடன் ஏறுகிறது, குழந்தை பள்ளிக்கு நடக்கிறது, இறந்தவர் புதைக்கப்படுகிறார். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையார்க்குரிய விஷயம். எனவே பல துறையினரும் கூடி ஆராய வேண்டும் என்பது ஒன்று. அவ்வூரில் வாழ்பவரும் ஆராய்பவருள் ஒருவராக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஏதோ நேற்று மேல்நாட்டுக் கலாசாலைகளில் பிறந்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். நம் கிள்ளானும் நம் தஞ்சையும் நூறாண்டுக்கு முன்பே கண்ட பாடங்கள் இவை.

கிள்ளானிலிருந்து தொடங்குவோம். 1901ஆம் ஆண்டு கிள்ளானில் மலேரியாக் காய்ச்சல் கடுமையாகப் பரவிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, திறந்த சிறிது காலத்துக்குள் மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. அங்கு ஜில்லா வைத்தியராக இருந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டு நான்காண்டே ஆகியிருந்தது. வாட்சன் கொயினா மாத்திரையோடு நிற்கவில்லை. சதுப்பு நிலத்தை வடிக்க வேண்டும், புதரை வெட்ட வேண்டும் என்று கூறி, வைத்தியத்தையும் வாய்க்கால் வேலையையும் ஒன்றாக்கினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் 582 பேர் மாண்டனர். 1902இல் 144 பேர். 1903இல் 115 பேர்.

அவர் கண்ட மற்றோர் உண்மை இன்னும் சுவையானது. கடலோரச் சதுப்பில் நோய் பரப்பிய கொசு நிழலை விரும்புவது. ஆகவே காடு வெட்டிச் சதுப்பை வடித்ததும் நோய் குறைந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் வெயில்படும் தெளிந்த ஓடையில் வளரும் வேறொரு கொசு இருந்தது. அங்கே காடு வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடிற்று! ஓரிடத்தில் மருந்தானது மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று. தோட்டந்தோறும் சென்று, பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று எண்ணிக் கணக்கெழுதியதனால்தான் இவ்வேறுபாட்டை அவரால் காண முடிந்தது. எல்லா ஊர்க்கும் ஒரே திட்டம் என்பார் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வாட்சன் செய்தது பெருநன்மை, ஐயமில்லை. எனினும் அப்பிள்ளைகளின் பெற்றோர் அந்த ஆராய்ச்சியில் எண்ணப்பட்டவர்களேயன்றி எண்ணியவர்கள் அல்லர். அடுத்த அடியை எடுத்து வைத்தவரைக் காண நாம் கடல் கடந்து சென்னை மாகாணத்துக்குச் செல்ல வேண்டும். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த அதே காலத்தில் அங்கே நடந்த கதை அது.

பாட்ரிக் கெடிஸ் ஸ்காத்லாந்துக்காரர்; உயிர்நூல் கற்றவர்; தாவரநூல் பேராசிரியர். எடின்பரோ நகரின் பழைய நெருக்கடியான தெருவொன்றில், ஏழைகளின் அடுக்கு வீட்டிலேயே மனைவியோடு குடியேறி, அவ்வீடுகளைச் செப்பனிட்டு நகரமைப்பைக் கற்றவர். சென்னைக் கவர்னராயிருந்த பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் இந்தியா வந்தார். அவர் பல்லாண்டு சேர்த்த நகரமைப்புப் படங்களையும் கண்காட்சிப் பொருள்களையும் சுமந்து வந்த கப்பலை, சென்னையைக் குண்டு வீசிக் கலங்கச் செய்த அதே எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் புதிதாகச் சேர்த்தனுப்பிய படங்களைக் கொண்டு 1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின் மாகாணத்து நகரங்களை நடந்து நடந்து பார்த்து அறிக்கை எழுதினார்.

தஞ்சைக் கோட்டையின் தென்கிழக்குப் பகுதி நெருக்கமான சந்துகள் நிறைந்தது. நெருக்கத்தைக் குறைக்க நேரான புதுத் தெருக்களை வெட்டிச் செல்வதென்று நகரசபையில் திட்டம் இருந்தது. படத்தில் கோடு நேராக இருக்கும். ஆனால் அக்கோட்டின்கீழ் எத்தனை வீடு இடியும், இடிந்தவர் எங்கே போவர்? அவர்கள் அடுத்த சந்தில் நெருங்குவர். நெருக்கம் இடம் மாறுமேயன்றிக் குறையாது. கெடிஸ் வேறு படம் வரைந்தார். பாழடைந்து கிடந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, காலி மனைகளைச் சேர்த்துச் சிறு திடல்களாக்கி, இருக்கும் சந்துகளையே சற்று அகலமாக்கினால் காற்றும் வெளிச்சமும் வரும், குடியிருப்பவரும் தம் இடத்திலேயே இருப்பர் என்று காட்டினார். கத்தியை எடுக்குமுன் நோயை அறிய வேண்டும். எடுத்தாலும் உயிருள்ள தசையை வெட்டலாகாது என்பது அவர் கொள்கை. கொசுவுக்கு அஞ்சிக் கோயிற் குளங்களைத் தூர்க்க முயன்றோரையும் அவர் தடுத்தார். மீனும் வாத்தும் விட்டால் கொசுப் புழுவை அவை தின்றுவிடும். குளமோ ஊரைக் குளிர்விக்கும், மழைநீரைத் தாங்கும் என்றார். இதில் வைத்தியமும் இருக்கிறது, உயிர்நூலும் இருக்கிறது, ஊர் வழக்கமும் இருக்கிறது.

இந்தூர் நகரில் அவர் செய்ததை இன்றும் வியந்து கூறுவர். அங்கே பிளேக் நோயும் குப்பையும் நிறைந்திருந்தன. ஒருநாள் தம்மையே மகாராஜாவாக்கும்படி சமஸ்தானத்தாரிடம் கேட்டுக்கொண்டு, தீபாவளி ஊர்வலம் இவ்வாண்டு வழக்கமான வீதியிற் செல்லாது; எந்த வீதி மிகத் துப்புரவாக இருக்கிறதோ அவ்வழியே செல்லும் என்று அறிவித்தார். ஊரெங்கும் மக்கள் தாமே குப்பை வாரினர், வெள்ளையடித்தனர். பிளேக்கைப் பரப்பும் எலியின் பேருருவமும் அவ்வூர்வலத்தில் சென்றது. ஆயிரம் அபராதச் சீட்டு செய்யாததை மக்களின் சொந்த விருப்பம் செய்தது.

அதே காலத்தில் சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து விடுமுறையில் அவரவர் ஊர்க்கு அனுப்பினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான், தஞ்சைப் பாலக்குறிச்சி முதலிய ஊர்களின் நிலம், கூலி, கடன், உணவு எல்லாம் எழுதப்பட்டு 1918இல் நூலாயிற்று. ஊர்ப்பிள்ளையே ஊரை எழுதினான். ஆகவே 1930களில் வேறு அறிஞர் மீண்டும் அவ்வூர்களுக்குச் சென்று, இருபதாண்டில் மாறியது என்ன, மாறாதது என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. எழுதி வைத்த ஊருக்கு இருக்கும் வலிமை இது.

இங்கே ஒன்று கூற வேண்டும். மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், மருத்துவனுக்கும் மருந்துக்கும் முன்னால் நோயுற்றவனையே வைத்தார். நோயாளி இல்லாமல் மருத்துவம் இல்லை. அவன் மருத்துவத்தின் ஓர் உறுப்பு. ஊரமைப்பிலும் குடியிருப்பவன் முதல் உறுப்பு. அவனை வெளியே நிறுத்திவிட்டு மற்ற மூன்றும் கூடிப் பயன் என்ன?

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1921இல் சார்லஸ் ரீட் என்பவர் மலாய் ஐக்கிய நாடுகளின் அரசாங்க நகரமைப்பாளராக வந்தார். 1923இல் நகரமைப்புச் சட்டமும் பிறந்தது. நிலமும் முதலும் உடையோரின் எதிர்ப்பால் அச்சட்டம் விரைவில் வலிமை குன்றிற்று. அக்காலத்தில் கருத்துரைக்க வாயுள்ளவர் உடைமையாளர் மட்டுமே. பிரிக்பீல்ட்ஸில் இரயில் பாதை போட்டவரோ, கிள்ளானில் பால் வெட்டியவரோ ஊரமைப்பைப் பற்றி வாய்திறக்கக்கூடும் என்று எவரும் நினைக்கவில்லை.

அவர்கள் வாய்திறந்தபோது நேர்ந்ததையும் கிள்ளான் அறியும். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர்.எச். நாதன் முதலியோர் வழிநடத்த வேலை நிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளைக் கூலி உயர்வு என்ற ஒன்றாகவே பலர் நினைக்கின்றனர். அப்பட்டியலில் பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது. தக்க வைத்திய வசதி இருந்தது. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இருந்தது. உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை இருந்தது. கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்க வேண்டும் என்பதும் இருந்தது. கல்வி, சுகாதாரம், போக்குவரத்து, மானம்: ஒரு குடியிருப்பின் குறைகளைக் குடியிருப்போரே ஆராய்ந்து எழுதிய அறிக்கையன்றி இது வேறென்ன? எவரும் அதற்கு ஆராய்ச்சி என்று பெயரிடவில்லை. அதற்கு மறுமொழியாகப் பட்டாளம் வந்தது. தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். கிராணியின் பெயரும் அக்குற்றப் பட்டியலில் இருந்ததை, கிராணியாகிய நான் மறைத்தலாகாது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறிற்றா? ஒருவகையில் மாறிற்று. தோட்டத் துண்டாடல் பரவியபோது 1960இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம், நகலாக வெளியிடப்படும் திட்டங்களைப் பொதுமக்கள் பார்வையிடவும் ஆட்சேபம் கூறவும் வழி வைத்தது. 2001இல் வந்த திருத்தம், திட்டம் வரையத் தொடங்குமுன்னரே மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற நிலையை வலியுறுத்திற்று. இவை பெரிய வாயில்கள். நம்மவரில் எத்தனை பேர் அவ்வாயிலைத் தட்டினோம்?

ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டடம் எழுப்ப விண்ணப்பித்தால், அயல்நிலத்தின் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். உரிமையாளர்! குடியிருப்பவர் அன்று. நான்கு தலைமுறை லயத்தில் வாழ்ந்தவனுக்குப் பட்டா இல்லை; ஆகவே அவனுக்குக் கடிதமும் இல்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற தோட்ட வழக்கம் அவனை ஊரிலிருந்து நீக்குமுன்னரே காகிதத்திலிருந்து நீக்கிவிடுகிறது.

பூச்சோங்குக்கு அண்மையிலுள்ள புக்கிட் ஜாலில் தோட்டத்தின் கதை இதற்குச் சான்று. 1980இல் அந்நிலம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1998இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக அங்கே மாபெரும் அரங்கம் எழுந்தது. 2011 மார்ச்சில் எஞ்சியிருந்த 41 குடும்பங்களின் வீடுகளை இடிக்க ஆட்கள் வந்தனர். அக்குடும்பத்தார் கேட்டது, மிஞ்சியிருந்த 26 ஏக்கரில் 4 ஏக்கர். அங்கே தரைவீடு கட்டித் தாருங்கள், உழைத்த மண்ணிலேயே இருக்கிறோம் என்றனர். அவர்களுக்குக் காட்டப்பட்டது அடுக்குமாடி வீடு. எது சிறந்தது என்ற வாதத்தை விடுங்கள். அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்ற வினா, இடிக்கும் இயந்திரம் வந்த நாளிலா கேட்கப்பட வேண்டியது? முப்பதாண்டு அவகாசம் இருந்ததே!

மற்றொரு கதை இன்னும் சிக்கலானது. புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் 1980களின் தொடக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் அருகே தற்காலிகத் தொடர்வீடுகளில் குடியேற்றப்பட்டனர். தற்காலிகம் என்பது நாற்பதாண்டாக நீண்டது. இதற்கிடையில் அங்குள்ள ரிம்பா கியாரா பூங்காவில் விலையுயர்ந்த மாடிக் குடியிருப்புகளோடு இவர்களுக்கும் ஒரு பகுதி வீடு என்று ஒரு திட்டம் வந்தது. பூங்கா போகும் என்று அயலார் வழக்காடினர். தொடர்வீட்டாருக்கோ வீடு வேண்டும். 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்திட்டத்துக்குத் தந்த அனுமதி செல்லாது என்றும், வழக்காட அயலில் வாழ்வோர்க்குத் தகுதி உண்டு என்றும் தீர்ப்பளித்தது. மக்கள் உரிமைக்கு அது பெருவெற்றி. ஆனால் பூங்காவா, ஏழையின் வீடா என்று இரு நியாயங்களை ஒன்றோடொன்று மோதவிட்டது யார் குற்றம்? தொடக்கத்திலேயே எல்லாரையும் ஒரே பந்தலில் அமர்த்திக் கேட்டிருந்தால் மூன்றாவது வழி ஒன்று புலப்பட்டிருக்கும்.

"பாமரர்க்கு நகரமைப்பு என்ன தெரியும்?" என்று கேட்போர் உளர். பாலம் கட்டும் கணக்கு அவர்களுக்குத் தெரியாது, உண்மை. வெள்ளம் எவ்வழியாக வந்து எங்கே நின்றது என்பது தெரியும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைவரை நீர் ஏறியதைக் கண்ட நாம், தண்ணீர் நிற்கும் இடத்தைப் பற்றிய ஒரு மூதாட்டியின் சொல்லை எளிதாகத் தள்ளிவிட முடியுமா? எனினும் ஊரார் சொல்வதெல்லாம் வேதம் என்பதும் நம் கொள்கை அன்று. ஊர்க்கூட்டம் என்றால் தலைவர் பேசுவார், ஆண்கள் பேசுவர், கோயில் கமிட்டியார் பேசுவர். பெண்கள் பின்னால் நிற்பர். வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து இன்று செம்பனைக் குலை வெட்டுபவனை எவரும் அழைப்பதே இல்லை. நேற்று நம் பாட்டனை அழைக்காதது போலவே. எல்லாரையும் கேட்காத கூட்டம் மக்கள் கருத்து ஆகாது.

ஆதலின் நாம் செய்ய வேண்டியது யாது? தலைவிதி என்று கைகட்டி நிற்பதை முதலில் விட வேண்டும். விற்பனைச் செய்தி வருமுன்னரே, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு பழைய குடியிருப்பிலும் ஊர் ஏடு ஒன்று தொடங்குக. செக்ரோலில் உள்ளவர் இல்லாதவர் அனைவரின் குடும்பக் கணக்கும் அதில் எழுதுக. நீர் நிற்கும் இடம், எந்த ஆண்டு எவ்வளவு உயரம் என்பதை எழுதுக. பள்ளி, கோயில், சுடுகாடு ஆகியவை தோன்றிய ஆண்டையும் எல்லையையும் குறித்துப் படம் வரைக. பிள்ளை பள்ளிக்கும் நோயாளி கிளினிக்குக்கும் நடக்கும் வழியைக் காட்டுக. வாக்குறுதி தந்தவர் யார், எந்நாள் என்பதைக் காகிதத்தோடு சேர்த்து வைக்க. படித்த இளைஞர் எழுதட்டும், முதியோர் சொல்லட்டும், பெண்கள் திருத்தட்டும். நகல் திட்டம் வெளிவரும் நாளில் அதைப் பார்த்து, மலாய் மொழியில் ஆட்சேபம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குக.

பிரிக்பீல்ட்ஸில் நூற்றாண்டை எட்டியிருந்த நூறு வீடுகள் என்னும் அரசாங்கக் குடியிருப்பு 2014இல் இடிக்கப்பட்டது. இரயில்வே ஊழியரும் என்போன்ற குமாஸ்தாக்களும் வாழ்ந்த அவ்வீடுகளின் படங்கள் இன்று பலரிடம் உள்ளன. அங்கே வாழ்ந்தவர் சொல்லக்கூடியதை எழுதிய ஏடுகள் எத்தனை உள்ளன?

எங்கள் தோட்டத்தில் அவ்வேட்டைத் தொடங்கிவிட்டோம். ஞாயிறுதோறும் மாலையில் மூதாட்டியின் வாசலில் அமர்கிறோம். முதற்பக்கத்தில் சுடுகாட்டின் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டுள்ளன. அவர் சொன்னார், நான் எழுதினேன். ஓரிடத்தில் வடக்கைத் தெற்கென்று எழுதிவிட்டேன். அதையும் அவரே திருத்தினார்.